மீசை வைத்த சூரியன்

லின்ஃபீல்டில் பக்கத்து வீட்டை வாங்கிக்கொண்டு வந்திருப்பவர் யாரென்று தெரிந்த அன்று ஏரம்பமூர்த்தி தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டார்.

வந்தவர் பெஹ்ராம். ஈரான்காரர், குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவர். ஏரம்பமூர்த்தியோ இருபத்திரண்டு வருடமாக ஓக்லாந்தில் கட்டடப் பரிசோதகர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மண்டபத்துப் படிகளின் உயரத்தைக் கண்ணால் அளந்துவிட்டுத்தான் மணமக்களைப் பார்ப்பார். இரண்டு வருடத்துக்கு முன் பாபகூராவில் ஒரு புது வீட்டில் பெஹ்ராம் டைல்ஸ் பதித்து முடித்திருந்தார். தண்ணீர் கசியாமல் அடியில் பூசுகிற பூச்சைத் தனக்குக் காட்டாமல் எப்படி மூடலாம் என்று சொல்லி, அத்தனையையும் உடைத்துக் காட்டச் சொன்னவர் ஏரம்பமூர்த்தி. பெஹ்ராம் உடைத்தார். பூச்சு ஒரு குறையுமில்லாமல் இருந்தது. "நன்றாகத்தான் பூசியிருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டு ஏரம்பமூர்த்தி காரில் ஏறிவிட்டார்.

அந்த மனிதர்தான் இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையசைத்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் ஏரம்பமூர்த்திக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"ஏதாவது வாங்கிக் குடுத்துச் சமாளிக்க வேணும்" என்றார் மனைவியிடம்.

கௌரி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர். மனிதர்கள் எதற்கு எதை வாங்குகிறார்கள் என்று முப்பது வருடமாகப் பார்த்துவருகிறார். "ஒரு கேக் வாங்குங்கோவன்" என்றார்.

"கேக் எல்லாரும் குடுப்பினம். அவையின்ர ஊரை நினைவுபடுத்திற மாதிரி ஏதாவது வேணும்."

அந்த ஏதாவது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தையில் அகப்பட்டது. மரவள்ளிக்கிழங்கு வாங்கப் போனவர், பழைய சாமான் விற்கிற ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் மேசையில் சட்டம் போட்ட ஒரு படத்தைக் கண்டார். கோப்பி நிறத்துக்கு மாறிய தாள். செப்புத் தகட்டில் கீறி அச்சிட்ட படம் என்றும், முந்நூறு வருடப் பழசு என்றும் கிழவர் சொன்னார். படத்தில் வட்டமான பெரிய கோயில் ஒன்று. சுற்றிலும் தூண்கள். நடுவே ஆள் உயரத்துக்குக் கொழுந்து விட்டெரிகிற நெருப்பு. கூம்புத் தொப்பி போட்ட பூசாரிகள் கைகளை வானத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தார்கள். நூறு பேர் குப்புற விழுந்து கிடந்தார்கள். மேலே சூரியன். சூரியனுக்குக் கண், மூக்கு, வாய் எல்லாம் இருந்தன. நல்ல முறுக்கு மீசையும் இருந்தது. கீழே பிரெஞ்சில் ஏதோ எழுதியிருந்ததில் பாரசீகம் என்கிற ஒரு சொல் மட்டும் அவருக்கு விளங்கியது.

பெஹ்ராமும் மனைவி ஷீரினும் முஸ்லிம்கள் அல்ல, அதற்கும் முந்திய பழைய மதத்துக்காரர் என்பது அவருக்குத் தெரியும். பம்பாயில் பார்சிகள் என்கிறோமே, அவர்களுடைய முன்னோர் கப்பலேறியபோது ஊரிலேயே தங்கிவிட்டவர்களின் வழி. நெருப்பை வணங்குகிறவர்கள். படத்திலும் நெருப்பு. வேறென்ன வேண்டும்?

வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியபோது கௌரி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சூரியன் எங்கட ஊர்ப் பொலிஸ்காரன் மாதிரி இருக்கிறார். இது உண்மையா அவையின்ர கோயிலோ?"

"முந்நூறு வருசத்துக்கு முந்தினவன் பொய்யாவே கீறியிருப்பான்? அந்தக் காலத்தில ஆக்கள் மினக்கெட்டுப் போய்ப் பாத்துக் கீறினவை."

"ஆர் போனது? ஆர் பாத்தது?"

"உமக்கு எல்லாத்திலயும் சந்தேகம்" என்று சொல்லிவிட்டு ஏரம்பமூர்த்தி படத்தின் கண்ணாடியைத் துடைத்தார்.

படத்தை அவர்கள் கையில் கொடுத்தபோது பெஹ்ராமும் ஷீரினும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். இவர்களுக்கிடையே பேச்சு ஆங்கிலத்தில்தான். அதிலும் ஷீரினின் ஆங்கிலம் மிக மரியாதையானது. "இப்படி ஒன்றை நாங்கள் வாழ்நாளில் பார்த்ததே இல்லை" என்றார் அவர். ஏரம்பமூர்த்தி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அன்றே தன் கையால் ஆணி அடித்து, வரவேற்பறைச் சுவரின் நடுவில், நீர்மட்டம் வைத்துப் பார்த்து மாட்டியும் கொடுத்தார்.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் நல்ல பழக்கமாகிவிட்டது. சனிக்கிழமைகளில் பின்னேரம் போவார். போகுமுன் "வரலாமோ?" என்று ஒரு செய்தி அனுப்புவார். அங்கே கண்ணாடிக் குவளையில் பால் விடாத தேநீரும், ஒரு தட்டு நிறைய பிஸ்தாவும் வரும். வேண்டாம் என்றால் விடமாட்டார்கள். மூன்றாவது தரம் வாங்கிக்கொள்வார். படத்துக்கு எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே குடிப்பார். பார்க்கப் பார்க்க அவருக்குப் பாரசீக மதம் பிடிபட்டுவிட்டது.

"நீங்கள் சூரியனுக்கு முன்னால் குப்புற விழுவது விடியற்காலையிலா, நடுப்பகலிலா?" என்று ஒருநாள் கேட்டார்.

பெஹ்ராம் தேநீரை வைத்தார். அவருக்கு ஐம்பத்தைந்து வயது, டைல்ஸ்காரரின் முழங்கால். "எனக்கு முழங்கால் சரியில்லை. விழுந்தால் எழும்ப முடியாது. அதனால் விதிவிலக்குத் தந்திருக்கிறார்கள்" என்றார் முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல். ஷீரின் மேசைக்கு அடியில் அவருடைய காலில் எதையோ செய்தார். பெஹ்ராம் முகத்தைச் சுளித்தது முழங்கால் வலியால் என்று ஏரம்பமூர்த்தி நினைத்தார்.

தான் கற்றதை அவர் தன்னோடு வைத்துக்கொள்ளவும் இல்லை. வேலையிடத்தில் சொன்னார். வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை முடிந்து சாப்பாட்டுக்கு இருந்தபோது அறுபது பேர் கேட்கச் சொன்னார். பாரசீகரின் கோயில் வட்டமானது. கூரையின் நடுவால் புகை போகும். பூசாரியின் தொப்பி எவ்வளவு உயரமோ அவ்வளவு அவருக்குப் பதவி. சூரியனுக்கு மீசை உண்டு, அதற்கு முன்னால் எல்லாரும் குப்புற விழுவார்கள். கோயம்புத்தூர்க்காரர் பழனிசாமி, பெரிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர், வாயைத் திறந்தபடி கேட்டு, "அண்ணா, இதெல்லாம் நீங்க எங்க படிச்சீங்க?" என்றார்.

"படிக்கத் தேவையில்லை. பக்கத்து வீடு" என்றார் ஏரம்பமூர்த்தி.

இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை. பெஹ்ராம் வெளியே தன் வாகனத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். ஷீரினுக்கு ஊரிலிருந்து தொலைபேசி வர, உள்ளறைக்குப் போய்விட்டார். தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போன ஏரம்பமூர்த்தி, சன்னலோரத் தட்டில் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கண்டார். எண்ணெயில் திரி மிதந்து எரிந்துகொண்டிருந்தது. அருகில் மெல்லிய திரைச்சீலை. அங்கே ஆளில்லை.

வாசனைக்காக எதையாவது கொளுத்தி வைத்துவிட்டு மறந்துபோகிறவர்களைப் பற்றி அவர் எத்தனை அறிக்கை எழுதியிருக்கிறார். எரிந்துபோன எத்தனை குசினிகளைப் பார்த்திருக்கிறார். குனிந்தார். பூ என்று ஊதினார். திரியிலிருந்து ஒரு நூல் புகை எழுந்தது.

ஷீரின் திரும்பி வந்ததும், "கவனிக்காமல் விட்ட நெருப்பு. திரைச்சீலைக்குக் கிட்ட. நான் பார்த்துக்கொண்டேன்" என்றார்.

ஷீரின் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு "நன்றி, மிஸ்டர் மூர்த்தி" என்றார்.

அந்த நன்றி மிகத் தாழ்ந்த குரலில் வந்ததை, பாவம், பயந்துவிட்டார் என்று ஏரம்பமூர்த்தி அர்த்தம் பண்ணிக்கொண்டார். அடுத்த கிழமை போகும்போது பற்றரியில் எரிகிற மெழுகுதிரி ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். சுவாலை ஆடுவது போலவே இருக்கும். விசையை எங்கே அழுத்துவது என்று ஷீரினுக்குச் செய்தும் காட்டினார்.

மாதங்கள் போயின. ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டுக்கு வரவேண்டிய ஒரு பார்சலைத் தபால்காரர் இவர் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். செய்தி அனுப்பாமல் ஏரம்பமூர்த்தி அதைத் தூக்கிக்கொண்டு போனார். கதவு திறந்திருந்தது. உள்ளே கால் வைத்தவர் அப்படியே நின்றார்.

சுவரில் படம் இல்லை. அவர் அடித்த ஆணியில் வேறொன்று தொங்கியது: மண் நிறச் சுவர்களும், வீட்டுக்குள் காற்றை இறக்குகிற உயரமான கோபுரங்களும் உள்ள ஒரு நகரத்தின் புகைப்படம்.

பின்பக்கம் சலவை இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. "பெஹ்ராம்?" என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். சலவை அறையில் பெஹ்ராம் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார். இயந்திரத்துக்கு மேலே, சுவரில், மீசை வைத்த சூரியன். சட்டத்தின் ஒரு மூலையில் ஈரக் காலுறை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இயந்திரம் சுழன்று ஓய்ந்தது.

"நீங்கள் வழக்கமாகச் செய்தி அனுப்புவீர்கள்" என்றார் பெஹ்ராம், குற்றம் சாட்டுகிற குரலில்.

"நான் வரும்போது மட்டும் எடுத்து மாட்டுகிறீர்களா?"

"ஷீரின் மாட்டுவார். நான் காலுறையை எடுப்பேன்."

சத்தம் கேட்டு ஷீரின் வந்தார். நிலைமையைப் பார்த்ததும் முந்தானை இல்லாத குறைக்குக் கைத்துவாயால் வாயை மூடிக்கொண்டார். அவர் சிரிக்கிறார் என்பது ஏரம்பமூர்த்திக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பிடிக்கவில்லை என்றால் சொல்லியிருக்கலாமே" என்றார், உண்மையிலேயே மனம் நொந்து. "உங்கள் கோயில்தானே?"

பெஹ்ராம் காலுறையை எடுத்துவிட்டுப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, சலவை இயந்திரத்தின் மேல் படுக்க வைத்தார். "மிஸ்டர் மூர்த்தி, நீங்கள் பரிசோதகர். என்னுடைய குளியலறையை உடைக்கச் சொன்னவர். இந்தக் கட்டடத்துக்குக் கையெழுத்துப் போடுவீர்களா?"

ஏரம்பமூர்த்தி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். இத்தனை மாதமும் அவர் இதைக் கோயிலாகத்தான் பார்த்திருந்தார். இப்போதுதான் கட்டடமாகப் பார்த்தார். முதல் படி அங்கே நின்றவனின் தொடை உயரத்துக்கு இருந்தது. படிகள் ஏறிப்போய் ஒரு சுவரில் முட்டின. வாசல் வேறு பக்கத்தில். தூண்களின் நிழல் இடப்பக்கம் விழுந்தது, மனிதர்களின் நிழல் வலப்பக்கம். சன்னல்கள் அச்சு அசலாக மாதா கோயில் சன்னல்கள். கூரையில் துவாரமே இல்லை, ஆனால் புகை அதற்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. தூண்களுக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி.

"இந்தக் கூரை எதன் மேல் நிற்கிறது?" என்றார்.

"பக்தியின் மேல்" என்றார் பெஹ்ராம்.

ஏரம்பமூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மூன்று பேரும் அந்தச் சின்ன அறையில் நின்று சிரித்தார்கள்.

ஷீரின்தான் விளக்கிச் சொன்னார். இதைக் கீறியவர் தன் ஊரைவிட்டு வெளியே போயிருக்கவே மாட்டார். யாரோ பயணி எழுதியது கொஞ்சம், கிரேக்கர் எப்போதோ எழுதியது கொஞ்சம். அதை வைத்துக்கொண்டு, பார்க்காத கோயிலுக்குத் தன் தெருக்கோடித் தேவாலயத்தைக் கீறி, மேலே ஒரு சூரியனை வைத்துவிட்டார். அடுத்தவர் இவரைப் பார்த்துக் கீறினார். அவரைப் பார்த்து இன்னொருவர். பாழடைந்த அரண்மனைத் தூண்களை நேரே போய்ப் பார்த்தவர்களில்கூடச் சிலர், அதுவும் கோயில்தான் என்று எழுதிவைத்தார்கள்.

"யஸ்த் நகரத்தில் எங்கள் கோயிலுக்கு எதிரே என் மாமா தேநீர்க்கடை வைத்திருந்தார். வெளிநாட்டுக்காரர்கள் கோயில் வாசலிலேயே நின்றுகொண்டு கோயில் எங்கே என்று அவரிடம் கேட்பார்கள். இதுதான் என்றால் நம்பமாட்டார்கள். அவர்கள் தேடுவது இந்தப் படத்தை" என்றார்.

தொலைபேசியில் அந்தக் கோயிலைக் காட்டினார். முன்னால் வட்டமான ஒரு தடாகம், சில மரங்கள், நாலைந்து தூண் வைத்த சாதாரண மண்டபம். வாசலுக்கு மேலே இறக்கை விரித்த ஓர் உருவம் இருந்திராவிட்டால் ஏரம்பமூர்த்தி அதை ஒரு நூல்நிலையம் என்றுதான் நினைத்திருப்பார். அடுத்த படத்தில் ஓர் அகன்ற பாத்திரத்தில் நெருப்பு. பக்கத்தில் வெள்ளை உடுத்த ஒரு பூசாரி. மூக்கையும் வாயையும் வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்.

"வாயை ஏன் கட்டியிருக்கிறார்?"

"மூச்சுக்காற்று நெருப்பில் படக்கூடாது. எச்சில் பட்ட மாதிரி" என்றார் ஷீரின். சொன்ன பிறகுதான் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

ஏரம்பமூர்த்தி தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். சலவை அறை வாசலிலிருந்து குசினி தெரியும். சன்னலோரத் தட்டில் கண்ணாடிக் கிண்ணத்தில் திரி எரிந்துகொண்டிருந்தது.

"வீட்டில் ஒரு வேலை இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் பார்சலோடு வெளியே வந்தார். பாதி வழியில் திரும்பிப்போய்ப் பார்சலை வாசலில் வைத்துவிட்டு வந்தார்.

கௌரி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"நான் ஒரு பிழை விட்டிட்டன்."

"கன பிழை கிடக்கு. எதெண்டு சொல்லுங்கோ."

"ஷீரின்ர குசினிக்குள்ள ஒரு விளக்கு எரிஞ்சது. அது அவையின்ர சாமி விளக்கு. எனக்குத் தெரியேல்லை. நான் நூத்திட்டன்."

"என்னெண்டு நூத்தனீங்கள்?"

"ஊதி."

கௌரி கத்தியைக் கீழே வைத்தார். "வாயாலயோ?"

"வேற எதால ஊதிறது?"

"ஐயோ, இஞ்ச பாருங்கோ. எங்கட சாமியறை விளக்கை ஒரு நாளாவது ஊதியிருக்கிறியளோ? பூவால ஒத்தித்தானே குளிர வைக்கிறனாங்கள். சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."

"சாமி விளக்கெண்டு தெரிஞ்சால் ஊதுவனே? படத்தில ஆள் உயரத்துக்கு எரியுது. இது தேசிக்காய் அளவுக் கிண்ணம். நான் வாசனைக்குக் கொளுத்தினதெண்டு நினைச்சன்." கொஞ்சம் நிறுத்தி, "அதுக்குப் பிறகு ஒரு பற்றரி மெழுகுதிரியும் வாங்கிக் குடுத்தனான்" என்றார்.

கௌரி கதிரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் அவர் அழுகிறார் என்றுதான் ஏரம்பமூர்த்தி நினைத்தார். தோள் குலுங்கியது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "பற்றரி" என்று ஒரு சொல்லைச் சொல்லத் தொடங்கி முடிக்காமல் மேசையில் தலையை வைத்துக்கொண்டார்.

"சிரிக்காதையும். என்ன செய்யிறதெண்டு சொல்லும்."

கௌரி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். சிரிப்பு போய்விட்டது. "என்ன செய்யிறது? போய் மன்னிப்புக் கேக்கிறதுதான். நானும் வாறன்."

"ஏதாவது கொண்டுபோவமே?"

"ஒண்டும் வேண்டாம். நீங்கள் இவ்வளவு நாளும் குடுத்ததே காணும்."

வெறுங்கையோடுதான் போனார்கள். ஏரம்பமூர்த்தி வழியெல்லாம் ஆங்கிலத்தில் ஒரு நல்ல வசனத்தைத் தயார் பண்ணிக்கொண்டு போனார். ஷீரின் கதவைத் திறந்ததும் அது மறந்துபோயிற்று. "அந்த விளக்கை நான் ஊதியிருக்கக்கூடாது" என்று மட்டும் சொன்னார். "எங்கள் வீட்டிலும் ஊதமாட்டோம். உங்கள் வீட்டில் ஊதினேன்." அறுபதை நெருங்குகிற மனிதர், வாசற்படியில், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"உள்ளே வாருங்கள்" என்றார் ஷீரின். "நீங்கள் போனவுடனேயே திரும்ப ஏற்றிவிட்டேன். இந்த வீட்டுக்கு வந்த பிறகு மூன்று தரம் அது அணைந்திருக்கிறது. ஒரு தரம் காற்று. ஒரு தரம் பெஹ்ராமின் தும்மல். ஒரு தரம் பரிசோதகர்."

"கோபம் வரவில்லையா?" என்று கௌரி கேட்டார்.

"வந்தது. நிறையவே வந்தது. அன்றைக்குச் சாப்பிடவில்லை" என்றார் ஷீரின். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. "பெஹ்ராம்தான் சொன்னார், இவர் என் குளியலறையை உடைக்கச் சொன்னவர், ஊதியதோடு விட்டாரே என்று."

"என்னிடம் சொல்லியிருக்கலாம்" என்றார் ஏரம்பமூர்த்தி.

"எப்படிச் சொல்வது? நீங்கள் எங்கள் மதத்தைப் பற்றி எங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தீர்கள். இடையில் பேசினால் மரியாதையில்லையே."

தேநீர் வந்தது. ஏரம்பமூர்த்தி முதல் தரத்திலேயே வாங்கிக்கொண்டார். அவர் இரண்டு மிடறு குடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, பெஹ்ராம் மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தார். அந்தப் படம் எந்தத் தொகுதியில் வந்தது என்று ஷீரின் பல மாதத்துக்கு முன்பே தேடிக் கண்டுபிடித்திருந்தாராம். உலகத்து மதங்களையெல்லாம் கீறிய தொகுதி. நாலு தாள் தள்ளிச் சோழமண்டலக் கரைக் கோயில் ஒன்றும் இருந்தது. "மரியாதைக்காகக் காட்டாமல் வைத்திருந்தோம்" என்றார் பெஹ்ராம். "இன்று காட்டலாம் என்று நினைக்கிறேன்."

வெங்காயம் போன்ற கூரை போட்ட ஒரு கோட்டை. உள்ளே பீடத்தில் ஒரு சாமி. தலையில் இரண்டு கொம்பு. கொம்புக்கு நடுவே பாப்பரசரின் மூன்றடுக்குக் கிரீடம். கோழிக்கால். வயிற்றுக்குள் இன்னொரு முகம். அது நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. முன்னால் தாடிக்காரர்கள் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார்கள்.

கௌரி கிட்டப் போய்ப் பார்த்தார். "இது ஆர், எங்கட பிள்ளையாரோ?"

"பிள்ளையாரெண்டால் தும்பிக்கை எங்க?" என்று ஏரம்பமூர்த்தி சீறினார்.

"அதுதான் வயித்துக்குள்ள நாக்காக் கிடக்காக்கும்."

"முழுப் பொய்!" ஏரம்பமூர்த்தி ஆங்கிலத்துக்கு மாறி எழுந்தே விட்டார். "இப்படி ஒரு சாமியை எந்தத் தமிழனும் கும்பிட்டதில்லை. இப்படி ஒரு கோபுரம் எந்த ஊரிலும் இல்லை. இவன் வந்து பார்த்தானா? யாரையாவது கேட்டானா?"

பெஹ்ராம் மிகவும் யோசனையோடு தலையை ஆட்டினார். "அந்தக் காலத்து மனிதர்கள், மிஸ்டர் மூர்த்தி. மெனக்கெட்டுப் போய்ப் பார்த்துத்தான் கீறியிருப்பார்கள்."

கௌரி சுவரைப் பார்த்தார். தான் வீட்டில் சொன்ன வார்த்தை வேலி தாண்டியது எப்படி என்று ஏரம்பமூர்த்தி மனைவியைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். பிஸ்தாத் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உடைத்தார்.

படத்தைத் தானே திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் பார்த்தார். ஷீரின் கொடுக்க மறுத்துவிட்டார். அது இல்லாமல் துணி துவைக்க அலுப்பாக இருக்குமாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் ஏரம்பமூர்த்தி எழுந்து நின்று, முன்பு தான் சொன்னதெல்லாம் பிழை என்று சொன்னார். வட்டக் கோயில் இல்லை. தொப்பி உயரம் இல்லை. யாரும் குப்புற விழுவதில்லை. வீட்டில் ஒரு சின்ன விளக்கு, நம்மைப் போலத்தான். தான் ஊதியதையும் சொன்னார். அதைச் சொல்லாமல் விட அவருக்கு மனம் வரவில்லை. கூட்டம் கொஞ்சம் சலசலத்துவிட்டுச் சோற்றைப் பிசையத் தொடங்கியது.

கை கழுவுகிற இடத்தில் பழனிசாமி வந்தார். "அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க முன்னாடி சொன்னீங்கல்ல, அதுதான் நல்லா இருந்துச்சு. நான் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஊர்ல அப்பாகிட்டயும் சொன்னேன்."

"அது பிழையெண்டு இப்ப சொன்னனான்தானே, தம்பி."

"ஆமா. ஆனா அந்த மீசை வெச்ச சூரியன் இருக்கு பாருங்க, அதை யாரும் மறக்க மாட்டேங்கறாங்கண்ணா."

மறுநாள் வேலியோரம் நின்று பெஹ்ராமிடம் இதைச் சொன்னார். பெஹ்ராம் சிரிக்கவில்லை, மாமாவின் தேநீர்க்கடையை நினைத்தாரோ என்னவோ, "அப்படித்தான்" என்றார். பிறகு தொண்டையைக் கனைத்தார். "உங்களுக்கு இன்னும் கொஞ்சம் வெட்கம் மிச்சம் இருக்கிறதா?"

"ஏன்?"

"இருந்தால் இன்றைக்கே ஒன்றைக் காட்டிவிடலாம் என்று பார்க்கிறேன்."

வீட்டின் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே புது மரத்தில் டெக் என்கிற பலகைத் தளம் ஒன்று நின்றது. சரிவான நிலத்துக்கு மேலே, வீட்டிலிருந்து நேரே நடந்து வந்து உட்கார்ந்து தேநீர் குடிக்கிற மாதிரி. பெஹ்ராம் தன் கையாலேயே கட்டியது. ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் இடைவெளி டைல்ஸ் பதித்தது போல ஒரே அளவாக இருந்தது.

"அனுமதி எடுத்தீர்களா?"

"ஒன்றரை மீற்றர் உயரத்துக்குள் இருந்தால் தேவையில்லையே."

"இருக்கிறதா?"

"நீங்கள்தான் பரிசோதகர்."

ஏரம்பமூர்த்தி சட்டைப்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தார். ஒரு முனையைப் பெஹ்ராம் பிடித்துக்கொண்டார். முதல் மூலை, ஒரு மீற்றர் பத்து. இரண்டாவது, ஒன்று இருபத்தைந்து. மூன்றாவது, ஒன்று நாற்பது. நிலம் அதிகம் சரிகிற நாலாவது மூலையில் அவர் முழங்காலிட்டு இரண்டு தரம் அளந்தார். ஒன்று நாற்பத்தொன்பது.

எழும்பப் போனவர் குனிந்து மண்ணைப் பார்த்தார். அந்த மூலையில் மட்டும் மண் கறுப்பாக, மெத்தென்று, சுற்றியுள்ள நிலத்தைவிட ஒரு சாண் உயர்ந்து இருந்தது. அதன் மேல் ஊசி ஊசியாக இளம் புல் முளைத்திருந்தது. விதைத்து இரண்டு கிழமை இருக்கும்.

அவர் நிமிர்ந்து பெஹ்ராமைப் பார்த்தார். பெஹ்ராம் மனுக்காவ் கடல் பக்கத்து மேகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏரம்பமூர்த்தி நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டார். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"புல் நல்லா வருது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில், "சுற்றிவரக் கைப்பிடி போட வேண்டும். ஒரு மீற்றர் உயரம். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்" என்றார்.

"மரம் வாங்க நாளைக்குப் போகலாமா?" என்றார் பெஹ்ராம். "உங்கள் காரில் இடம் இருக்கும்."